ஞாயிறு ஓட்டமும் ஞாயிறு தமிழ் வகுப்பும்: உடற்பயிற்சியையும் படிப்பையும் ஒருங்கே காப்பது எப்படி?

மெர்பேங்க் ஓட்டக்காரன்
பிப்ரவரி 16, இரவு 8.40

அனைவருக்கும் வணக்கம். நான் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் மெர்பேங்க் பகுதியில் பிறந்து வளர்ந்தவன். வயது 43. ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் ஆயா (பாட்டி) மறைந்த பிறகு வீட்டில் தமிழ்ப் பேச்சு நின்றுபோயிற்று. எழுத்தை நான் 34 வயதில்தான், கோயில் மண்டபத்தில் நடக்கும் ஞாயிறு வகுப்பில், சிறுவர்களோடு அமர்ந்து கற்றேன். இப்போது வாரத்துக்கு ஓர் அதிகாரம் என்ற கணக்கில் திருக்குறளை மனப்பாடம் செய்து வருகிறேன். 133 அதிகாரங்கள், 133 வாரங்கள். அதாவது இரண்டரை ஆண்டுக்குச் சற்று மேல். முப்பத்தொன்றாவது அதிகாரம் வரை வந்துவிட்டேன். அடுத்த ஆண்டு சிறுவர் வகுப்புக்குத் துணை ஆசிரியராக வரும்படி கேட்டிருக்கிறார்கள்.

இதற்கிடையே இந்த ஜூன் மாதம் காம்ரேட்ஸ் ஓட்டத்தில் முதல் முறையாகக் கலந்துகொள்கிறேன். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஏறத்தாழ 90 கிலோமீட்டர், 12 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். 1921இல் தொடங்கிய இந்த ஓட்டத்தில் 1975 வரை கறுப்பினத்தவருக்கும் இந்தியருக்கும் பெண்களுக்கும் அதிகாரபூர்வமாக இடமில்லை. என் தந்தை இளைஞராக இருந்தபோது சாலையோரம் நின்று பார்த்த ஓட்டம் அது. அதனால் இதை நான் பொழுதுபோக்காக எண்ணவில்லை.

சிக்கல் இதுதான். எங்கள் ஓட்டக் கழகத்தின் நீண்ட ஓட்டம் ஞாயிறு அதிகாலை 4.30க்குத் தொடங்குகிறது, வெயிலும் புழுக்கமும் ஏறுவதற்குள் முடிக்க வேண்டுமென்பதால் அந்த நேரம். எட்டு மணிக்கு முடித்து, குளித்து, ஒன்பது மணிக்குத் தமிழ் வகுப்பில் அமர்கிறேன். இன்று காலை 30 கிலோமீட்டர் ஓடிவிட்டு வகுப்புக்குப் போனேன். புத்தகம் திறந்திருக்க, கண் மூடிவிட்டது. ஆசிரியை ஒன்பதாம் அதிகாரமாகிய விருந்தோம்பலில் இருந்து ஒரு குறளைச் சொல்லச் சொன்னார், ஓரடிகூட வரவில்லை. பத்து வயதுச் சிறுமி எழுந்து சொன்னாள்.

எதிர்ப்புறமும் இதே நிலைதான். செவ்வாயும் வியாழனும் இரவு 11 மணி வரை படித்துவிட்டு, மறுநாள் 3.45க்கு எழுந்து ஓடினால் கால்கள் மரத்துப் போகின்றன. அலுவலகம் இருக்கும்போது ஒரு மனிதன் இரண்டையும் நேர்மையாகச் செய்ய முடியுமா? செய்தவர்கள் வழி சொல்லுங்கள்.

சாட்ஸ்வொர்த் ஆசிரியை
பிப்ரவரி 17, காலை 6.15

தம்பி, வணக்கம். முப்பத்தொரு ஆண்டுகள் பள்ளியிலும், அதன்பின் கோயில் வகுப்பிலும் தமிழ் கற்பித்தவள் நான். உங்கள் பதிவைப் படித்தவுடன், இந்த நாட்டில் இதே சிக்கலைச் சந்தித்த இன்னொரு தமிழ் வகுப்பு நினைவுக்கு வந்தது.

1910இல் ஜோஹானஸ்பர்க்குக்கு வெளியே, லாலி ரயில் நிலையத்துக்கு அருகில், காந்தியின் நண்பர் கேலன்பாக் வழங்கிய 1,100 ஏக்கர் நிலத்தில் டால்ஸ்டாய் பண்ணை தொடங்கியது. சிறை சென்ற சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் அங்கே வாழ்ந்தன. அவர்களில் தமிழர் பலர். அங்கிருந்த தமிழ்ச் சிறுவர்கள் தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்தவர்கள். அவர்களுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. அவர்களுக்கு எழுத்தும் அடிப்படை இலக்கணமும் கற்பிக்கும் பொறுப்பைக் காந்தி ஏற்றார். அவருக்குத் தெரிந்த தமிழோ கப்பல் பயணத்திலும் சிறையிலும் போப் ஐயரின் கைநூலைக் கொண்டு கற்றது மட்டுமே. பேச்சுத் தமிழில் மாணவர்கள் தம்மை எளிதில் வென்றுவிடுவார்கள் என்பதை அவரே எழுதியிருக்கிறார்.

பண்ணையில் காலை முழுவதும் உடலுழைப்பு. குழி வெட்டுதல், மரம் வெட்டுதல், சுமை தூக்குதல், சமையல். ஆகவே வகுப்பு நண்பகல் உணவுக்குப் பின்னர்தான். என்ன நடந்தது தெரியுமா? பிள்ளைகளும் தூங்கினார்கள், கற்பித்தவர்களும் தூங்கி விழுந்தார்கள். கண்ணில் தண்ணீர் தெளித்துப் பார்த்தார்கள். பிள்ளைகளோடு விளையாடித் தூக்கத்தைக் கலைக்கப் பார்த்தார்கள். உடல் ஓய்வைக் கட்டாயமாகக் கேட்டது, மறுப்பை ஏற்கவில்லை. மன உறுதிக்குப் பேர்போன அந்த மனிதரின் வகுப்பிலேயே உறக்கம் வென்றது. ஆகையால் நேற்று நீங்கள் கண் அயர்ந்ததை உங்கள் ஒழுக்கக் குறைவாக நான் கருதவில்லை. வரிசைதான் தவறு.

என் கருத்து தெளிவானது. புத்தகம் முதலில், உடல் பிறகு. களைத்த காலால் மெதுவாகவேனும் ஓடலாம். களைத்த மூளையால் யாப்பைப் பிரித்துப் படிக்க முடியாது. விழித்தவுடன் இருபது நிமிடம் எழுதுங்கள், வாசிப்பது போதாது, கையால் எழுதுங்கள். பிறகு காலணியை மாட்டுங்கள்.

ஆறு பதக்கம்
பிப்ரவரி 17, மாலை 7.05

நான் ஆறு முறை காம்ரேட்ஸ் முடித்தவன். பத்து முறை முடித்தால் நம் எண் நிரந்தரமாகப் பச்சை எண்ணாகி நம் பெயரில் நிற்கும். அதை நோக்கித்தான் இன்னும் ஓடுகிறேன். ஆகவே மனத்தில் பட்டதை மறைக்காமல் சொல்கிறேன்.

இரண்டையும் ஒருங்கே செய்ய முடியாது. மார்ச், ஏப்ரல், மே மூன்று மாதங்கள் இந்த ஓட்டம் உங்களை முழுவதும் கேட்கும். கௌவீஸ் ஹில், ஃபீல்ட்ஸ் ஹில், போத்தாஸ் ஹில், இஞ்சாங்கா, பாலி ஷார்ட்ஸ் என்ற ஐந்து பெரும் ஏற்றங்களும் நீங்கள் எத்தனை குறள் கற்றீர்கள் என்று கேட்கமாட்டா. 12 மணி நேரம் முடிந்தவுடன், முடிவுக் கோட்டில் ஓடி வருவோருக்கு முதுகைத் திருப்பி நிற்கும் அலுவலர் துப்பாக்கியைச் சுடுவார். ஓரடி வெளியே நின்றவருக்கும் பதக்கம் இல்லை. அவர் ஏன் முதுகைத் திருப்பி நிற்கிறார் என்பதை எண்ணிப் பாருங்கள். யாருடைய முகத்தையும் பார்த்து இரங்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான் என்று நான் எப்போதும் நம்பி வந்திருக்கிறேன்.

நான் என் முதல் ஓட்டத்துக்காகக் கணக்காளர் தேர்வுப் படிப்பை நிறுத்தினேன். ஓராண்டுக்கு என்றுதான் நிறுத்தினேன். ஜூன் வரை தமிழை மூடி வையுங்கள், ஜூலையில் திறக்கலாம்.

லெனேசியா மாணவி
பிப்ரவரி 18, இரவு 9.30

ஆறு பதக்கம் அண்ணா, தங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் தங்கள் பதிவிலேயே எனக்கு ஒரு கேள்வி எழுகிறது. ஓராண்டுக்கு நிறுத்திய தேர்வை மீண்டும் எழுதினீர்களா? புண்படுத்தக் கேட்கவில்லை, மெர்பேங்க் அண்ணனுக்கு அந்த விடை தேவைப்படுகிறது.

நான் கணிதத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். எட்டு வயது முதல் பரதம் பயில்கிறேன். நீண்ட காலம் நான் செய்த பிழை, இரண்டுக்கும் சம நேரம் ஒதுக்குவதே நடுநிலை என்று எண்ணியது. தினமும் இரண்டு மணி நேரம் இதற்கு, இரண்டு மணி நேரம் அதற்கு என்று அட்டவணை போட்டேன். அரங்கேற்ற ஆண்டில் அது உடைந்தது. ஆய்வு முன்மொழிவு எழுதிய ஆண்டில் மறுபடியும் உடைந்தது. அதன்பின் நான் வைத்துக்கொண்ட விதி வேறு: எந்தப் பருவத்திலும் ஒன்று தலைமை ஏற்கும், மற்றொன்று அழியாமல் காக்கப்படும். காக்கும் அளவு மிகச் சிறியது. ஆய்வுப் பருவத்தில் பத்து நிமிடம் அரைமண்டியும் ஓர் அடவுத் தொகுதியும் மட்டும். ஆனால் ஒரு நாளும் தவறாது. அந்தப் பத்து நிமிடம் என்னை வளர்ப்பதில்லை, கதவு சாத்திக்கொள்ளாமல் காலை வைத்துத் தடுக்கிறது.

பயிற்சி என்றால் பத்தாயிரம் மணி நேரம் என்ற பேச்சு எங்கும் உலவுகிறது. அதன் வேர் 1993இல் எரிக்சனும் உடன் ஆய்ந்தோரும் பெர்லின் இசைக் கல்விக்கூடத்து வயலின் மாணவர்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வு. பத்தாயிரம் என்பது சிறந்த குழுவினர் இருபது வயதுக்குள் சேர்த்த மணிகளின் சராசரி. தேர்ச்சிக்கு வாசற்படி என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. நமக்கு அதிகம் பயன்படும் செய்தி அதே ஆய்வில் வேறோரிடத்தில் இருக்கிறது. சிறந்தவர்கள் தனிப் பயிற்சியைச் சிறு அமர்வுகளாகப் பிரித்தார்கள், பெரும்பாலும் காலையில் செய்தார்கள், நாளொன்றுக்கு நான்கு மணி நேரத்தை ஒட்டியே நின்றுகொண்டார்கள், மற்றவர்களைவிடப் பகலில் அதிகம் உறங்கினார்கள். ஓய்வு அவர்களுடைய பயிற்சியின் ஒரு பகுதியாகவே இருந்தது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் பிசியோதெரபி
பிப்ரவரி 19, பகல் 1.20

நான் பிசியோதெரபிஸ்ட். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல், மே மாதங்களில் என்னிடம் வரும் ஓட்டக்காரர்களில் பலரும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். ஆகவே மெர்பேங்க் அண்ணன் கேட்காத ஒன்றை முதலில் சொல்கிறேன். நீங்கள் இரவு 11 மணிக்குப் படிப்பை முடித்து, 3.45க்கு எழுகிறீர்கள். படுத்தவுடன் உறங்கினாலும் ஐந்து மணி நேரம்கூட இல்லை. உங்கள் சிக்கல் ஓட்டமும் அன்று, தமிழும் அன்று, இதுதான்.

நீங்கள் கணக்குத் துறையில் இருப்பவர் என்பதால் இப்படிச் சொல்கிறேன். உடலுக்கு ஒரு கணக்கு, அறிவுக்கு ஒரு கணக்கு என்று இரண்டு வங்கிக் கணக்குகள் இருப்பதாக நாம் எண்ணுகிறோம். இருப்பது ஒன்றே. ஓட்டத்தில் நுண்ணிய அளவில் சேதமுற்ற தசையைச் சீராக்கும் வேலை உறக்கத்தில் வேகம் பெறுகிறது. வளர்ச்சி ஹார்மோன் மிகுதியாகச் சுரப்பது ஆழ்ந்த உறக்கத்தில்தான். அன்று கற்றதை மூளை நிலைப்படுத்துவதும் அதே உறக்கத்தில்தான். உறக்கத்தை வெட்டியவர் ஓட்டத்துக்குச் சேர்த்ததையும் படிப்புக்குச் சேர்த்ததையும் ஒரே கையெழுத்தில் எடுத்துவிடுகிறார்.

இரண்டாவது செய்தி. உங்கள் வாரத்தில் பெரும்பாலான கிலோமீட்டர்கள் எளிய வேகத்தில் இருக்க வேண்டும். எளிய வேகம் என்பதற்குக் கடிகாரம் தேவையில்லை. ஒரு முழு வாக்கியத்தை மூச்சு முறியாமல் பேச முடிந்தால் அது எளிய வேகம். நடுத்தர வயதில் முதல் முறை பயில்கிறவர்கள் பலரும் எல்லா நாளும் சற்றுக் கடினமாகவே ஓடி, ஓய்வு நாளையும் கெடுத்து, கடும் பயிற்சி நாளையும் கெடுத்துக்கொள்கிறார்கள். மூன்று வாரம் தூரத்தை ஏற்றினால் நான்காம் வாரம் இறக்குங்கள்.

ஓடினால் மூளை வளரும் என்று யாரேனும் ஊக்குவிக்க வரக்கூடும். 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வில், முதியோர் 120 பேரில் ஒரு பாதியினர் ஓராண்டு வாரம் மூன்று நாள் நடைப்பயிற்சி செய்தார்கள். நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸ் பகுதி அவர்களுக்கு ஏறத்தாழ 2 விழுக்காடு பெரிதாயிற்று, உடலை வளைத்து நீட்டும் பயிற்சி மட்டும் செய்த மறுபாதியினருக்குச் சிறிது சுருங்கிற்று. நல்ல செய்திதான். ஆனால் அது முதியோரின் மிதமான நடை. 43 வயதில் ஐந்து மணி நேரத்துக்கும் குறைவாக உறங்கி ஓடும் 30 கிலோமீட்டருக்கு அதைச் சான்றாகக் காட்ட முடியாது.

டொங்காட் பேரன்
பிப்ரவரி 20, இரவு 10.10

இந்த இழையை நான்கு நாளாகப் படித்து வருகிறேன். என் தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அவர் டர்பனுக்கு வடக்கே கடற்கரைப் பகுதியில் ஒரு கரும்புத் தோட்டத்தில் வேலை செய்தவர். தெருக்கூத்தில் வேடம் கட்டுவார். இங்கே நம்மவர் ஆங்கிலத்தில் சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்று சொல்லும் அதே கூத்து. இரவு முழுவதும் ஆடுவார்கள். தலையில் கிரீடம், தோளில் புஜக்கட்டை, காலில் சலங்கை. பாட்டும் வசனமுமாக விடியும் வரை ஓடும் ஒரு பாரதக் கதை முழுவதும் அவருக்கு வாயில் இருந்தது. அவருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. வேறு எழுத்தும் தெரியாது.

எப்படிக் கற்றார் என்று என் தந்தையிடம் கேட்டிருக்கிறேன். கரும்பு வெட்டும்போது வாத்தியார் ஒரு வரிசையில், இவர் அடுத்த வரிசையில். வாத்தியார் ஓரடி சொல்வார், கத்தி விழும், இவர் அதைத் திருப்பிச் சொல்வார், கத்தி விழும். ஆறு நாள் வேலை முடிந்தால் ஒரு பாட்டு ஏறிவிடும். சனிக்கிழமை இரவு அதே பாட்டை அடவோடு ஆடிப் பார்ப்பார்கள். அவருக்கு உடற்பயிற்சி நேரம், படிப்பு நேரம் என்று இரண்டு நேரங்கள் இருக்கவில்லை. யாரும் அவருக்கு அப்படி நேரம் கொடுக்கவும் இல்லை.

அந்த உழைப்பை நான் போற்றிப் பாடவில்லை. அவருடைய முதுகு அறுபது வயதுக்குள் வளைந்துவிட்டது. ஆனால் உடலும் பாட்டும் பிரிந்தே இருக்க வேண்டும் என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது என்பதைக் கேட்டுப் பார்க்க வேண்டும். மெர்பேங்க் அண்ணன் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறார்? ஏழா, எட்டா? அந்த நேரத்தில் அவர் வாய் சும்மா இருக்கிறதே.

லெனேசியா மாணவி
பிப்ரவரி 20, இரவு 10.45

டொங்காட் அண்ணா, நடன வகுப்பிலும் இதே முறைதான். சொல்லுக்கட்டை முதலில் வாயால் சொல்லி, கையால் தாளம் போட்டு, பிறகுதான் காலுக்குக் கொண்டுபோகிறோம். வாய் தடுமாறும் இடத்தில் கால் நிச்சயம் தடுமாறும். என் குரு உட்கார்ந்து சொல்ல வைப்பார், பிறகு நடந்துகொண்டே சொல்ல வைப்பார், கடைசியில்தான் ஆடவிடுவார்.

மெர்பேங்க் ஓட்டக்காரன்
பிப்ரவரி 23, பகல் 12.30

அனைவருக்கும் நன்றி. இன்று ஒன்றைச் செய்து பார்த்தேன். அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பிசியோதெரபிஸ்ட் முழு வாக்கியம் பேச முடிய வேண்டும் என்றார். டொங்காட் தம்பி வாய் சும்மா இருக்கிறது என்றார். குறளுக்கு முதலடியில் நான்கு சீர், இரண்டாமடியில் மூன்று சீர். இன்று கடற்கரைச் சாலையில் ஓடியபோது, முதலடியின் நான்கு சீரையும் ஒரே மூச்சில் சொல்லி, மூச்சு வாங்கி, அடுத்த மூன்று சீரைச் சொன்னேன். எளிய வேகத்தில் அது இயல்பாக வந்தது. சற்று வேகம் கூட்டினால் நான்காம் சீர் தொண்டையில் நின்றுவிடுகிறது. அப்படியானால் நான்காம் சீரே எனக்குக் கடிகாரம்! அது வரவில்லையென்றால் நான் எளிய ஓட்டத்தின் எல்லையைத் தாண்டிவிட்டேன் என்று பொருள். ப்ளூ லகூன் வரை போய்த் திரும்புவதற்குள் மூன்று அதிகாரங்கள் சொல்லி முடித்தேன், விருந்தோம்பல் உட்பட.

சாட்ஸ்வொர்த் ஆசிரியை
பிப்ரவரி 24, காலை 6.00

தம்பி, உங்கள் மகிழ்ச்சியைக் குறைக்க எனக்கு விருப்பமில்லை. ஆயினும் ஆசிரியை என்ற முறையில் இதைச் சொல்லாமல் விடக்கூடாது.

ஓடிக்கொண்டே சொல்வது கற்றதைக் காக்கும், புதிதாகக் கற்பிக்காது. ஓசை நிற்கும், பொருள் நழுவும். நம் நாட்டில் தேவாரத்தை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்து, ஒரு சொல்லும் புரியாமல், கண்ணீர் மல்கப் பாடுகிறவர்களை நான் நாற்பது ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். அவர்களுடைய பக்தியை வணங்குகிறேன். ஆனால் அவர்கள் பாடுவது எந்த இடத்தில் ஒரு சொல் முடிந்து அடுத்த சொல் தொடங்குகிறது என்று அறியாத பாட்டு. நீங்கள் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப் போகிறவர். ஒரு குழந்தை எழுந்து நின்று, இந்தச் சொல்லுக்குப் பொருள் என்ன என்று கேட்டால், உங்கள் கால் விடை சொல்லாது.

ஆகவே பிரித்துக்கொள்ளுங்கள். புதிய அதிகாரம் மேசையில், காலையில், கையில் பேனாவோடு. பழைய அதிகாரங்கள் சாலையில்.

டொங்காட் பேரன்
பிப்ரவரி 24, இரவு 9.00

ஆசிரியை அம்மா சொல்வதை ஏற்கிறேன், மனம் கனத்தாலும் ஏற்கிறேன். தாத்தாவின் கூத்துப் பாட்டை என் தந்தை பாதி சொல்வார். நான் நான்கு வரி சொல்வேன். அந்த நான்கு வரிக்கும் எனக்குப் பொருள் தெரியாது. யாரிடம் கேட்பது என்றும் தெரியாது. யாரேனும் எழுதி வைத்திருந்தால்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் பிசியோதெரபி
பிப்ரவரி 25, பகல் 1.00

நான்காம் சீர் என்ற அளவுகோல் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. என்னிடம் வரும் தமிழர்களுக்கும் சொல்லப் போகிறேன். ஆனால் இறக்கத்தில் ஓடும்போது மூச்சு எளிதாகவும் தொடைத் தசை கடும் சுமையிலும் இருக்கும். அங்கே சீர் தடையில்லாமல் வரும், ஆனாலும் கால் அடிபடும். இறக்கத்துக்கு இந்த அளவுகோலை நம்ப வேண்டாம்.

வெருலம் இல்லத்தரசி
பிப்ரவரி 26, இரவு 9.50

என் கணவர் ஓடுகிறவர்; கோயில் குழுவிலும் இருக்கிறார். இந்த இழையில் எல்லாரும் காலை நேரத்தைப் பங்கு போடுகிறீர்கள். அந்தக் காலையில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டுவதும், சீருடை எடுத்து வைப்பதும், சிறியவனை எழுப்புவதும் யார் நேரத்தில் நடக்கின்றன என்று ஒருவரும் எழுதவில்லை. எனக்கும் படிக்க ஆசை உண்டு. இரண்டு ஆண்டாக ஒரு தமிழ் இலக்கணப் புத்தகம் என் அலமாரியில் இருக்கிறது.

தைப்பூசத்துக்குப் பத்து நாள் விரதம் இருக்கும்போது வீடே மாறுகிறது. அடுப்பு மாறுகிறது, உறக்கம் மாறுகிறது, எல்லாரும் சேர்ந்து மாறுகிறோம். அதனால்தான் பத்து நாளும் ஒருவரும் தவறுவதில்லை. நான்கு மாதப் பயிற்சி என்றால் அதையும் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேசித் தொடங்க வேண்டும். ஒருவருடைய ஒழுக்கம் இன்னொருவருடைய உறக்கத்தில் இருந்து எடுக்கப்படுமானால் அதை நான் ஒழுக்கம் என்று சொல்லமாட்டேன்.

மெர்பேங்க் ஓட்டக்காரன்
பிப்ரவரி 26, இரவு 10.20

அக்கா, உங்கள் பதிவை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அவள் சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, புதன்கிழமை காலையும் சனிக்கிழமை காலையும் எனக்கு வேண்டும் என்றாள். கொடுத்துவிட்டேன். இதை ஆறு மாதத்துக்கு முன்பே நான் கேட்டிருக்க வேண்டும்.

ஆறு பதக்கம்
மார்ச் 2, மாலை 6.40

லெனேசியா தங்கை கேட்ட கேள்விக்கு நான் விடை சொல்லவில்லை. அந்தத் தேர்வை நான் மீண்டும் எழுதவில்லை. பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. அடுத்த ஜூலை, அதற்கடுத்த ஜூலை என்று போயிற்று. படித்ததில் பெரும்பகுதி மறந்தபோது, திரும்பத் தொடங்குவது முதலில் தொடங்கியதைவிடக் கடினமாகத் தெரிந்தது. உண்மையில் அப்படி இருந்திராது என்று இப்போது தோன்றுகிறது.

ஓட்டத்துக்காக நான் வருந்தவில்லை. ஆனால் பிப்ரவரியில் மெர்பேங்க் தம்பிக்கு நான் சொன்ன அறிவுரையை, முழுவதுமாக மூடி வை என்ற அந்தப் பகுதியை, திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மே மாதத்தில் மிகக் கடுமையான வாரங்களில் புதிய அதிகாரம் வேண்டாம். பத்து நிமிடம் பழையது போதும். ஓட்டத்துக்கு முந்திய இரண்டு மூன்று வாரங்கள் தூரத்தைக் குறைப்பீர்கள். கால் ஓய்வில் இருக்கும், மனம் அமைதியிழந்து அலையும். அந்த நாட்களில் புத்தகம் உங்களுக்கு மிகவும் உதவும். எனக்கு அப்போது கையில் ஒன்றும் இருக்கவில்லை. வீட்டாரிடம் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

லெனேசியா மாணவி
மார்ச் 2, இரவு 8.15

அண்ணா, நன்றி. மறந்ததைத் திரும்பக் கற்பது முதல் முறையைவிட விரைவாக நடக்கும் என்பதை எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் 1885இலேயே பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, மறந்து, மீண்டும் கற்று அளந்து காட்டியிருக்கிறார். நினைவில் வராதது எல்லாம் அழிந்தது ஆகாது. பதினோரு ஆண்டு நீண்ட காலம்தான். ஆனாலும் அந்தப் புத்தகத்தைத் தாங்கள் ஒரு மாலை திறந்து பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

மெர்பேங்க் அண்ணனுக்கும் இது பொருந்தும். முப்பத்தொரு அதிகாரத்தையும் தினமும் சொல்ல வேண்டியதில்லை. புதியதை மறுநாள், பிறகு மூன்று நாள் கழித்து, பிறகு ஒரு வாரம், பிறகு ஒரு மாதம் என்று இடைவெளியை நீட்டிக்கொண்டே போகலாம். புத்தகத்தைப் பார்த்துப் படிப்பதைவிட, பாராமல் சொல்ல முயன்று, தவறி, பிறகு பார்த்துத் திருத்துவதே நன்றாக நிலைக்கும்.

சாட்ஸ்வொர்த் ஆசிரியை
மார்ச் 3, காலை 6.10

டால்ஸ்டாய் பண்ணையைப் பற்றி இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன்; ஓடுகிறவர்களுக்குப் பிடிக்கும். சொந்த வேலையாக ஜோஹானஸ்பர்க் போகிறவர் ரயில் ஏறாமல் நடந்தே போக வேண்டும் என்று அங்கே விதி இருந்தது. தொலைவு 21 மைல். அதிகாலை இரண்டு மணிக்குப் புறப்பட்டு ஆறேழு மணி நேரத்தில் போய்ச் சேருவார்கள். மிகக் குறைந்த நேரம் 4 மணி 18 நிமிடம் என்று காந்தி குறித்திருக்கிறார். காலில் அணியும் செருப்பையும் அவர்களே தைத்தார்கள். கேலன்பாக் மரியான்ஹில் என்ற இடத்தில் டிராப்பிஸ்ட் என்னும் கத்தோலிக்கத் துறவிகளின் மடத்தில் அந்தத் தொழிலைக் கற்றுவந்து மற்றவர்களுக்குக் கற்பித்தார். பைன்டவுன் வழியாக ஓடும்போது அந்த மடம் உங்களுக்குத் தொலைவில் இல்லை.

பிற்பகல் வகுப்பில் பிள்ளைகள் தூங்கினாலும் அந்த வகுப்பை அவர்கள் கைவிடவில்லை என்பதையும் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள்.

மெர்பேங்க் ஓட்டக்காரன்
ஏப்ரல் 6, பகல் 2.15

ஏழு வாரம் ஆயிற்று. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

இரவுப் படிப்பை முற்றிலும் நிறுத்தினேன். ஒன்பதரைக்குப் படுக்கிறேன். முதல் பத்து நாள் இது சோம்பல் போல உறுத்தியது; பிறகு உறுத்தவில்லை. காலையில் 20 நிமிடம் எழுத்து, பிறகு ஓட்டம். புதன், சனி காலைகள் மனைவியுடையவை. அவள் தையல் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். ஓடாத நாட்கள் இரண்டு கிடைத்ததில் என் கால் வலியும் குறைந்தது.

ஞாயிற்றுக்கிழமைச் சிக்கல் முழுவதும் தீரவில்லை. எங்கள் வகுப்பு ஆசிரியையிடம் பேசினேன். மாதத்தில் இரண்டு ஞாயிறு நான் குறைந்த தூரம் ஓடி வகுப்புக்கு ஒழுங்காக வருகிறேன். மற்ற இரண்டு ஞாயிறும் நீண்ட ஓட்டம் முடித்து, வீட்டில் ஒரு மணி நேரம் உறங்கி, வகுப்பின் பிற்பாதிக்கு வருகிறேன். தாமதமாக வருவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் தூங்கி விழுவதைவிட இது மரியாதை என்று ஆசிரியை சொன்னார்.

முன்போல வாரத்துக்கு ஓர் அதிகாரம் முடியவில்லை. ஏழு வாரத்தில் மூன்றுதான் சேர்ந்தன; கொல்லாமையைத் தாண்டி நிலையாமை வரை வந்திருக்கிறேன். 133 வாரக் கணக்கை அழித்துவிட்டேன். ஆனால் முதல் 31இல் எதைக் கேட்டாலும் இப்போது சொல்கிறேன், பொருளோடு.

இன்று கழகத்தோடு இஞ்சாங்கா ஏறினோம். ஏற்றத்தின் பாதியில் நான்காம் சீர் நின்றுவிட்டது. முன்பெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடியிருப்பேன், இன்று நடந்தேன். அருகில் வந்த ஜூலு நண்பர் ஒருவர், இத்தனை நாளாக எதையோ முணுமுணுத்துக்கொண்டே வருகிறாயே, அது என்ன வழிபாடா என்று கேட்டார். வழிபாடு அன்று, எங்கள் பழைய நூல், அதை எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கப் போகிறேன் என்றேன். ஒன்று சொல், பொருளும் சொல் என்றார். விருந்தோம்பலில் இருந்து ஒன்று சொல்லி, ஏற்றம் முடிவதற்குள் பொருளை எனக்குத் தெரிந்த ஜூலுவில் சொல்லி முடித்தேன். இரண்டு சொல்லுக்கு ஜூலுச் சொல் கிடைக்காமல் தடுமாறினேன். அவர் எடுத்துக் கொடுத்தார்.

சாட்ஸ்வொர்த் ஆசிரியை
ஏப்ரல் 6, மாலை 5.30

எந்த இரண்டு சொல் என்று எழுதுங்கள், தம்பி. அந்த ஜூலுச் சொற்களையும் சேர்த்து எழுதுங்கள். என் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேருக்குப் பள்ளியில் ஜூலு உண்டு. அடுத்த ஞாயிறு விருந்தோம்பலை அங்கிருந்தே தொடங்கப் போகிறேன்.